வண்டி நிக்கட்டும் மதினி

அதெல்லாம் நேரம் ஒண்ணும் ஆகல மதினி. வண்டி நிக்கட்டும். மாடு சும்மா வைக்கோலத்தான தின்னுக்கிட்டு நிக்கு, அதுக்கு என்ன ரயிலுக்கா போணும். மொதல்ல அந்தத் தகரப்பெட்டியத் தொறங்க. எங்க அருவாமணையக் காணல.

ஆமா, சந்தேகந்தான். இல்லேன்னு நான் சொல்லலையே. சித்திரையில இருந்து ரெண்டு பேரும் ஒரே அடுக்களையில பொழங்கியிருக்கோம். எது யாரு சாமான்னு எந்தச் சாமான்ல எழுதியிருக்கு. புருசனுக்கு அக்கான்னா அருவாமணைக்கும் அக்காவா. தொறங்க. சேலைய ஒண்ணொண்ணா ஒதறிக் காட்ட வேண்டாம், நானே கையவிட்டுப் பாத்துக்கிடுதேன்.

சரி, இல்ல. பெறகு எங்கதான் கெடக்கு? அம்மிக்குப் பின்னாலயா. அங்கன கொண்டு போய்ச் சொருகுனது யாரு? நான் அருவாமணைய சொவத்தோரமாத்தான் சாத்தி வைப்பேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அதுக்கு அதான் எடம். ஒங்க தூத்துக்குடியில வேணும்னா அருவாமணை தெருத்தெருவாச் சுத்தும்.

மொறைக்காதிய. போற நேரத்துல நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா கெட்ட பேரு எனக்குத்தான். நாத்தனா இத்தன நாளு இருந்துட்டுப் போறா, அந்தச் செல்லக்கனி ஒரு வாய் காப்பித்தண்ணி குடுத்து அனுப்பலன்னு ஊரு சொல்லும். குடிச்சாச்சுல்லா? கருப்பட்டி காணாது காணாதுன்னு சொல்லிக்கிட்டேதான குடிச்சிய. லோட்டாவுல ஒரு சொட்டு மிச்சம் வச்சியளா.

நாலு நாளுன்னு சொல்லிக்கிட்டுத்தான மதினி வந்திய. கொழும்புல குண்டு போட்டுட்டான், அடுத்தது தூத்துக்குடி தொறமொகந்தான், சப்பான்காரன் கப்பல்ல ஏறிட்டான்னு ஒங்க தெருவே மூட்டையக் கட்டிக்கிட்டு ஓடியாந்துச்சு. பயந்து ஓடி வாறவ கையில ஆம்புட்டத எடுத்துக்கிட்டு வருவா. நீங்க என்ன கொண்டாந்திய? தகரப்பெட்டி. பித்தளை அண்டா. அது போக ஆட்டுக்கல்லு. சாயர்புரத்துக்கு இந்தப் பக்கம் கல்லே கெடையாதா, இல்ல சப்பான்காரன் வந்து ஒங்க கல்லுலதான் மாவாட்டப் போறானா. அந்தக் கல்லுக்கு மேல ஒங்க வீட்டுக்காரரு. அவுக மடியில அந்த வான்கோழி.

தொரை வீட்டு வான்கோழின்னா அதுக்கு என்ன, வாயில்லையா வயிறில்லையா. தொரை பொண்டாட்டி பிள்ளைகளக் கொடைக்கானலுக்கு அனுப்பிட்டு, மந்திரமூர்த்தி, இதக் கொஞ்சம் பாத்துக்கோன்னு கம்பெனி கிளார்க்கு கையில குடுத்துட்டாராம். அண்ணாச்சியும் கவர்னர் பதவி வாங்குன மாதிரி வாங்கிக்கிட்டு வந்துட்டாவ. ரங்கூன் அரிசி வரத்து நின்னு இங்க ஊரே கேப்பையும் கம்பும் காய்ச்சிக் குடிக்கு. அதுக்கு நொய்யரிசி. ஊற வச்சு வேற. நான் ஒரு நாளு கம்பு போட்டேன்னு, தொரை வந்து கேட்டா என்ன பதிலு சொல்லதுன்னு அண்ணாச்சி அன்னைக்குப் பூரா சாப்பிடல. தொரை கோழிக்கு ஒடம்பு வாட்டம்னா சீமையில இருந்து டாக்டரு வருவானாக்கும்.

அது பண்ணுன அநியாயம் கொஞ்சமா. எங்க சேவல் கூவுறதையே மறந்துட்டு. வேதக்கோயில் உபதேசியாரு ஏதோ நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு வாசலுக்கு வந்தாவ, அவுக வேட்டியப் பிடிச்சு இழுத்துட்டு. எல்லாத்தையும் மன்னிக்கணும்னு சொல்லிக்கிட்டேதான் ஓடுனாவ பாவம். பட்டாசல் கூடத்துல ஒங்க தம்பி கொழும்புல இருந்து கொண்டாந்த நெலக்கண்ணாடி நின்னுச்சுல்லா, ஆளு உயரத்துக்கு. அதுல தன் மூஞ்சியப் பாத்துட்டு எவனோ வேற வான்கோழி சண்டைக்கு வாரான்னு முட்டி ஒடைச்சிட்டு. நான் வயிறெரிஞ்சு கத்துனா நீங்க என்ன சொன்னிய? கண்ணாடிய யாரு அங்கன வைக்கச் சொன்னான்னிய. ஒங்க தம்பிதான் வச்சாவன்னேன். அவனுக்கும் புத்தி கெடையாது, அவனக் கட்டுனவளுக்கும் புத்தி கெடையாதுன்னிய. சொன்னியளா இல்லியா?

மீனு கதைய எடுக்க வேண்டாம்னு பாக்கேன். கருவாடு எங்க வீட்டுல சேராது, எங்களுக்குத் துடிக்கத் துடிக்கக் கடல் மீனு வேணும்னு சொன்னது யாரு. அண்ணாச்சி சைக்கிள மிதிச்சுக்கிட்டுப் பழையகாயலுக்குப் போயி, உச்சி வெயில்ல ஒரு சீலாமீன ஓலையில சுத்திக் கொண்டாந்தாவ. தெருமுனையில வரும்போதே எனக்கு வாடை வந்துட்டு. இது கெட்டுப்போச்சு மதினின்னேன். ஒனக்கு மீனு தெரியுமா, நீ பனங்காட்டுல பொறந்தவன்னிய. பூனைக்கு ஒரு துண்டு போட்டேன். பூனை மோந்து பாத்துட்டு என்னைய ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க. நீங்க அதையும் புளி ஊத்திக் கொதிக்க வச்சுத் தின்னிய. அண்ணாச்சி ரெண்டு நாளு புறவாசலுக்கும் நார்க்கட்டிலுக்கும் நடையா நடந்தாவ. அப்பயும் மீனு நல்ல மீனுதான், ஒன் அடுப்புதான் சரியில்லன்னிய.

அண்ணாச்சியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. மரியாதக்காரரு. ஆனா விடியக்காலம் அவுக வாய் கொப்பளிக்கது இருக்கே. பனையேறி சங்கரலிங்கம் மரத்துக்கு மேல பாளை சீவிக்கிட்டு இருந்திருக்கான், அபாயச் சங்கு ஊதுதுன்னு நெனைச்சு மரத்தக் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டு சறுக்கியே எறங்கிட்டான். நெஞ்சுத் தோலு பூரா போச்சு. மறுநா வந்து, அக்கா, ஒங்க அண்ணாச்சி எந்நேரம் மூஞ்சி கழுவுவாருன்னு கேட்டுச் சொல்லுங்க, அதுக்கு முன்னால ஏறி எறங்கிருதேன்னு கும்பிடுதான்.

பொறவு அந்தப் பள்ளம். தூத்துக்குடியில அவுகள ஏயார்ப்பின்னு குண்டுக்காவல் படையில சேத்து ஒரு விசிலும் கையில கட்டத் துணியும் குடுத்திருக்காவன்னா, அத அங்கனயே விட்டுட்டு வரக் கூடாதா. குண்டு விழுந்தா ஒளியணும்னு புறவாசல்ல பள்ளம் தோண்டச் சொன்னாவ. எடம் இல்லாத மாதிரி முருங்கைக்கு அடியில. வேரு போயிட்டு, மரம் சாஞ்சு கோழிக்கூட்டு மேல விழுந்துட்டு. சப்பான்காரன் குண்டு போட்டிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு நட்டம் ஆகியிருக்காது.

அந்த ஏரோப்ளேன் வந்த அன்னைக்கு நீங்கதான் மொதல்ல ஓடுனிய. இல்ல, நீங்கதான். நான் உலையில கெடந்த கேப்பைய எறக்கி வச்சிட்டு வந்தேன், நீங்க அதுக்குள்ள குதிச்சாச்சு. அண்ணாச்சி விசில ஊதிக்கிட்டே குதிச்சாவ. நானும் குதிச்சேன். உள்ள பாத்தா நமக்கு முன்னாடியே வான்கோழி ஒக்காந்திருக்கு. அதுக்கு எடம் பத்தலைன்னு ஒங்க முதுகுல ஒரு கொத்து. நீங்க போட்ட சத்தத்துல ஏரோப்ளேனே திரும்பிப் போயிருக்கும். பொறவுதான் தெரிஞ்சுது, அது நம்ம ஏரோப்ளேன். போயும் போயிட்டு. நமக்கு ஏறத் தெரியல. ஏணி வைக்கணும்னு ஏயார்ப்பில சொல்லிக் குடுக்கல போல. மண்ணு பொலபொலன்னு சரியுது, அண்ணாச்சி என் தோள்ல காலு வைக்கட்டுமா ஒங்க தோள்ல காலு வைக்கட்டுமான்னு முழிக்காவ. தெருவே பள்ளத்துக்கு மேல வந்து நின்னு எட்டிப் பாக்கு. சிரிக்கத்தான் வந்தாளுக. என்னையப் பாத்ததும் முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டு ஒருத்தியும் சிரிக்கல. நீங்க ஒருத்திதான் உள்ள நின்னுக்கிட்டு, எல்லாம் இவளாலதான், இவ வீட்டுக்கு வந்ததுக்கு அங்கனயே குண்டடி பட்டுச் செத்திருக்கலாம்னு என்னையத் திட்டுனிய.

அதுக்குப் பொறவு ஒரு வாரத்துக்கு மேல நம்ம பேசல. அத நான் மறக்கல. ஆளுக்கொரு அடுப்பு, ஆளுக்கொரு குழம்பு. பேச்சு மட்டும் வான்கோழி கூட. ஏ வான்கோழி, இந்த வீட்டுல புளிய அள்ளிக் கொட்டுதாவ, கொடலு வெந்துரும், பாத்துத் தின்னுன்னிய. ஏ வான்கோழி, டவுன்காரவுக தேங்காய அரைச்சு அரைச்சு ஊத்தியே நாக்கு செத்துப் போயித்தான் வந்திருக்காவ, ஒனக்கு நொய்யே போதும்னு நானும் சொன்னேன். அது நடுவுல நின்னுக்கிட்டு ஒருவாட்டி ஒங்களப் பாக்கு, ஒருவாட்டி என்னையப் பாக்கு. அண்ணாச்சி ரெண்டு அடுப்புலயும் வாங்கித் தின்னுட்டு, செண்பகம் வச்சதும் நல்லாருக்கு, தங்கச்சி வச்சதும் நல்லாருக்குன்னாவ. அன்னைக்கு ரெண்டு பேரும் சேந்து அவுகளத் திட்டுன திட்டுலதான் திரும்பப் பேச்சு வந்துச்சு.

என்ன சிரிக்கிய. நான் சிரிக்கதுக்குச் சொல்லல. நீங்க இங்கன வந்து பண்ணுனத ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். தெருவுல போயி, தம்பி பொண்டாட்டி தங்கமாப் பாத்துக்கிட்டான்னு பெருமை பேசக் கூடாதுல்லா. உள்ளத உள்ளபடி சொல்லுங்க. மூணு வேளையும் சண்டைதான்னு சொல்லுங்க.

ஆமா, போறது ஒங்களுக்கும் நிம்மதி எனக்கும் நிம்மதி. யாரு இல்லேன்னா. ஒங்க பக்கம் கடையெல்லாம் தொறந்தாச்சாம், கம்பெனியில இருந்து கூப்பிட ஆளு விட்டாச்சாம், போங்க. ஆடி மாசத்துல பொறப்படுறதுதான் மனசுக்கு என்னமோ போல இருக்கு. சொந்த வீட்டுக்குப் போறதுக்கு ஆடி என்ன ஆவணி என்னன்னு கேக்கிய. கேளுங்க, ஒங்ககிட்ட பேசி செயிக்க முடியுமா. அமாவாசை கழிஞ்சு போனா தூத்துக்குடி கடலுக்குள்ள போயிருமான்னுதான் நான் கேக்கேன். அண்ணாச்சி முன்னாடி போயி வீட்டத் தொறந்து ஒட்டடை அடிச்சு வைக்கட்டும். நீங்க பொறவு போங்க. எனக்காகச் சொல்லல. எனக்கு என்ன வந்துச்சு.

அண்ணாச்சி, சத்தம் போடாதிய, இந்தா அனுப்பி வைக்கேன். அந்தக் கோழியக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, மாட்டு வாலக் கொத்துது பாருங்க.

மதினி, ஒரு நிமிசம். இந்தப் பெட்டி மேல ஒக்காருங்க. ஒக்காந்தா கொறஞ்சு போக மாட்டிய.

நேத்து சாயங்காலம் பெரிய மாமா எதுக்குத் தெருமுனையில நின்னு, நீங்க எப்ப வண்டி ஏறுதியன்னு விசாரிச்சாவன்னு கேட்டியல்லா. ஒண்ணுமில்லன்னு சொன்னேன். ஆடி அமாவாசைக்குத் திருச்செந்தூருக்கு வண்டி பேசியிருக்காவ. ஒங்க அப்பாவுக்கு அண்ணன்லா, அவுகதான முன்ன நின்னு செய்யணும். கடல்ல வச்சு ஒங்க தம்பிக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சுருவோம்னு. கையோட எனக்கும் கழட்ட வேண்டியதக் கழட்டிட்டு, நாசரேத்துல இருந்து எங்கண்ணன் வந்து கூட்டிட்டுப் போவட்டும்னு. வைகாசியில இந்தப் பேச்ச எடுத்தப்ப நீங்க வெளக்குமாத்த எடுத்தியல்லா, அதுல இருந்து அவுக நம்ம வாசலுக்கு வாரதில்ல. ஒங்க வண்டி நகருதான்னுதான் இப்பவும் அங்கன நிக்காவ. பாக்காதிய. பாத்தா வந்துருவாவ.

நம்ம ரெண்டு பேரும் இத்தன நாளா இதப் பேசுனதே இல்ல மதினி. பேசதுக்கு என்ன இருக்கு. சாயர்புரத்துல ஈஸ்டருக்கு மணி அடிச்ச அன்னைக்குத்தான் கொழும்புல குண்டு விழுந்திருக்கு. அங்க ஒங்க தம்பி இருந்த கடையில கூட வேலை பாத்தவுக ஒவ்வொருத்தரா ஊரு வந்து சேந்துட்டாவ. ஒங்க தம்பி கொப்பரை ஏத்துன தோணியில ஏறுனதப் பாத்தேன்னு ஒரு ஆளு சொல்லுதான். கூடக் கெளம்புன தோணியெல்லாம் வந்துட்டு. அந்தத் தோணி வரல. அவ்வளவுதான் ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஊரு முடிவு பண்ணிட்டுன்னு எனக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு சொல்லட்டுமா. யாரும் வந்து சொல்லல. கெணத்தடியில. நம்ம கெணத்தடி ஒங்களுக்குத் தெரியும்லா, குடத்தால இடிக்காம ஒருத்தி அங்க தண்ணி கோருனது கெடையாது. அந்தப் பூவம்மா இருக்காளே, என் குடத்த எத்தி விடாட்டா அவளுக்கு அன்னைக்குச் சோறு எறங்காது. அன்னைக்கு நான் குடத்தோட போறேன், ஒருத்தி என்னையப் பாத்தா, இன்னொருத்தி பாத்தா, அப்படியே வெலகி வழி விட்டாளுக. நீ மொதல்ல கோரிக்கோன்னாளுக. பூவம்மா கயத்த எடுத்து என் கையில குடுத்தா. நானும் கோரிக்கிட்டு வந்துட்டேன்.

அதுக்குப் பொறவு இந்த ஊர்ல என்கூட யாரும் சண்டை போடல மதினி. வேணும்னே மோர்க்காரிகிட்ட, ஏளா, இது மோரா கழனித்தண்ணியான்னு கத்துனேன். அவ திருப்பி ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். அவ அழுதுட்டா. எல்லாரும் என்கிட்ட மெதுவாப் பேசுதாளுக, காய்ச்சக்காரிகிட்ட பேசுற மாதிரி. நான் உலை வைக்கல. வீடு பெருக்கல. பெருக்கி யாருக்குன்னு இருந்துச்சு.

அப்பத்தான் நீங்க வந்து எறங்குனிய. ஒரு காலு வண்டியில, ஒரு காலு தரையில. எப்படி இருக்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. ஏளா, இது வீடா மாட்டுத்தொழுவா, என் தம்பி வந்தா எதுல காலு வைப்பான்னு கேட்டிய. எனக்கு அப்படி ஒரு கோவம் வந்துச்சு பாருங்க. வெளக்குமாத்த எடுத்துக்கிட்டு வாசல்ல இருந்து புறவாசல் வரைக்கும் பெருக்குனேன், ஒங்களத் திட்டிக்கிட்டே பெருக்குனேன். அன்னைக்குத்தான் அடுப்புப் பத்த வச்சேன்.

மதினி. மதினி, மூஞ்சிய மூடாதிய. ஊர்ல இன்னும் அழாத ஆளு நீங்க ஒருத்திதான். நீங்களும் அழுதுட்டியன்னா பெரிய மாமா சொல்லதுதான் சரின்னு ஆயிரும்.

என்னது? பெட்டிய எறக்கச் சொல்லுதியளா. அண்ணாச்சி மட்டும் போவட்டுமா. நல்லா யோசிச்சுக்கிடுங்க. பெறகு செல்லக்கனிதான் கையப் பிடிச்சு நிறுத்துனான்னு தெருவுல சொல்லக் கூடாது. நான் போகாதியன்னு ஒரு வார்த்தை சொன்னேனா.

சரி, கண்ணத் தொடைங்க. இருக்கதா இருந்தா இங்கன சும்மா ஒக்காந்து திங்க முடியாது. விடியவும் குடத்த எடுத்துக்கிட்டு தண்ணிக்கு நீங்கதான் போணும். கெணத்தடியில எவளாவது ஒங்களப் பாத்து வெலகி வழி விட்டான்னா, பேசாமக் கோரிக்கிட்டு வந்துராதிய. அங்கனயே நின்னு நல்லா ஒரு சண்டை போட்டுட்டு வாங்க.